புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களை விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வருவதும், அதைப் படித்துவிட்டுப் பலர் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் சேருவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் பட்ட ஒரு குருவியின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேருகிற இல்லத்தரசிகள் வருகிறார்கள். தை மாதம் குழு கலகலவென்று இருக்கும். பங்குனி பிறப்பதற்குள் அவர்களில் பலர் சத்தமில்லாமல் வெளியேறியிருப்பார்கள், இருப்பவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். "ஆர்வம் இல்லாதவங்க, போயிட்டாங்க" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆர்வத்தோடு வந்தவர்களைக் குழுக்களே அனுப்பிவைக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சமீபத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், வீட்டு வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பறவையை மொபைலில் எடுத்துப் போட்டிருந்தார். பழுப்பு உடம்பு, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, வயிற்றில் பட்டை பட்டையாகக் கோடு. "அண்ணா, இது வல்லூறா?" என்று கேட்டிருந்தார். வல்லூறு என்பது ஒரு சின்ன வேட்டைப்பறவை. முதலில் வந்த பதில் ஒரு சிரிக்கும் முகம். அடுத்து ஒருவர் "ஃபீமேல் கோயல்" என்று இரண்டு வார்த்தை. அதற்கடுத்து, "இது குரூப்ல நூறு தடவை வந்தாச்சு, தேடிப் பாருங்க மேடம்." கடைசியாக வந்தவர், போட்டோ தெளிவாக இல்லாவிட்டால் ஐடி, அதாவது பறவையின் பெயர், கேட்கக் கூடாது என்று குழு விதியை எடுத்து ஒட்டினார். அந்தப் பெண் "சாரி சார்" என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

அவர் கேட்டது நல்ல கேள்வி. வயிற்றுக் கோட்டையும் இலைக்குள் ஒண்டி உட்காரும் பழக்கத்தையும் கவனித்து வல்லூறோ என்று யோசித்திருக்கிறார் என்றால், அவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. குயில் என்றால் கறுப்பு என்றுதான் நம்மில் பெரும்பாலோர் மனதில் பதிந்து கிடக்கிறது. கறுப்பாக இருப்பது ஆண், விடியற்காலையில் ஓயாமல் கூவுவதும் ஆண், பெண்குயில் புள்ளி போட்ட பழுப்பு என்பது பறவை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதோடு குயில் இனத்திலேயே அக்கா குயில் என்று ஒன்று இருக்கிறது. பறப்பதும் உட்காருவதும் வல்லூறை உரித்துவைத்தது போல இருக்கும். சின்னக் குருவிகளே ஏமாந்துபோய் அதைப் பார்த்து அபாயக் குரல் கொடுக்கும். வருடக்கணக்காகப் பார்க்கிறவர்கள் தடுமாறுகிற இடம் அது. அப்படியிருக்க, நேற்று வந்த பெண் தடுமாறியதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"இது பெண்குயில்மா. அலகைப் பாரு, வல்லூறுக்கு நுனி கொக்கி மாதிரி கீழ வளைஞ்சிருக்கும், இதுக்கு அப்படி இல்லை. கண்ணு நல்ல சிவப்பு, வாலும் நீளம். வயித்துக் கோட்டைக் கவனிச்சிருக்கே, நல்லது. அதே மரத்துல கறுப்பா ஒண்ணு வருதான்னு சாயங்காலம் பாரு." இப்படி ஒரு பதிலை டைப் செய்ய ஒரு நிமிடம் ஆகுமா? அந்தப் பெண் அன்று சாயங்காலம் மாடிக்குப் போயிருப்பார். பெயரை மட்டும் சொன்னால் அந்த ஒரு படத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்று சேர்த்துச் சொன்னால் அடுத்த பறவைக்கு அவர் நம்மிடம் வர வேண்டியதே இல்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியலாளர் சாலிம் அலி இந்தத் துறைக்குள் வந்த கதையைப் பறவை ஆர்வலர்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். மும்பையில் சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததால் அது வழக்கமான சிட்டுக்குருவி இல்லை என்று தோன்றியது. மாமா கொடுத்த கடிதத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய், அங்கே செயலாளராக இருந்த டபிள்யூ.எஸ். மில்லார்ட் முன்னால் பயந்துகொண்டே நின்றார். மில்லார்ட் அந்தப் பையனைத் திட்டி அனுப்பவில்லை. குருவி என்ன இனம் என்று சொன்னதோடு நிற்காமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். அன்றைக்கு வேட்டை சாதாரணம், இன்றைக்குக் குற்றம், அது வேறு விஷயம். ஆனால் இன்று ஒரு சிறுவன் கையில் செத்த குருவியோடு நம் குழுவுக்குள் வந்தால் எத்தனை பேர் அவன்மேல் பாய்வார்கள், எத்தனை பேர் "மஞ்சள் திட்டை எப்படிடா தம்பி கவனிச்சே?" என்று கேட்பார்கள்? அந்தக் கதையை மேடையில் சொல்லிவிட்டு இறங்கி வருகிறவர்களே போனை எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களில் கண்டிப்பு அவசியம். கூட்டின் படம் அதில் ஒன்று. படம் எடுக்கக் கிட்டே போனால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடக்கூடும். தெளிவாகத் தெரியட்டும் என்று மறைக்கும் இலையை ஒதுக்கினால் காக்கைக்கும் வெயிலுக்கும் குஞ்சைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். படத்தைப் பார்த்து இன்னும் பத்து பேர் கேமராவோடு வருவார்கள். ஆந்தை தங்கும் மரத்தைப் பொதுவில் சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான். எல்லாம் சரி. ஆனால் இந்தக் காரணங்களைப் புதியவரிடம் யார் சொல்கிறார்கள்?

நம் வீடுகளில் தேன்சிட்டு பால்கனியில் தொங்கும் ஒயரிலோ துணிக்கொடியிலோ கூடு கட்டுவது சகஜம். ஒருவர் அதைப் பார்த்து உலகத்திலேயே பெரிய அதிசயம் தன் வீட்டில் நடக்கிறது என்ற சந்தோஷத்தில் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார். அடுத்த நிமிடம் "கூட்டுப் படம் தடை என்று தெரியாதா, விதியைப் படிக்காமல் ஏன் சேருகிறீர்கள்" என்று பதில் வருகிறது. கூடவே நான்கைந்து பேர் சேர்ந்துகொள்கிறார்கள். படம் நீக்கப்படுகிறது, சில இடங்களில் ஆளும் நீக்கப்படுகிறார். கூடு என்ன ஆனது? அது அதே பால்கனியில்தான் இருக்கிறது, அந்த மனிதரும் அங்கேதான் இருக்கிறார். இனி அவர் மொபைலை மூக்கு முட்டும் தூரத்தில் கொண்டுபோனாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. கூட்டைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளை நாம் விரட்டிவிட்டோம்.

அட்மின் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. படத்தை நீக்கட்டும். நீக்கிய கையோடு, "உங்க வீட்டைத் தேடி வந்து கூடு கட்டியிருக்கு, சந்தோஷம் சார். குஞ்சு பறந்து போற வரைக்கும் அந்தப் பக்கம் விளக்கு, ஃபேன் போடாம பார்த்துக்க முடியுமா? கிட்ட போக வேண்டாம், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை இரை கொண்டு வருதுன்னு எழுதி வையுங்க, குஞ்சு பறந்ததும் எல்லாருக்கும் சொல்லுங்க" என்று ஒரு செய்தி அனுப்பட்டும். விதியும் காப்பாற்றப்பட்டது, கூட்டுக்கு ஒரு காவலாளும் கிடைத்தார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விதி மீறல் என்று புதியவர்கள் மேல் பாய்கிற அதே குழுக்களில், நீளமான லென்ஸ் வைத்திருக்கும் மூத்தவர்கள் பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வெளியே வரவழைத்து எடுத்த படத்துக்கும், புழுவைப் போட்டுப் பழக்கி எடுத்த படத்துக்கும் கைதட்டு விழுகிறது. இதுவும் பறவைக்குத் தொந்தரவுதான், ஆனால் எப்படி எடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தெரியாமல் செய்தவருக்குத் திட்டு, தெரிந்தே செய்தவருக்குப் பாராட்டு என்றால் புதிதாக வந்தவர் எதைக் கற்றுக்கொள்வார்? கண்டிப்பு மேலிருந்து தொடங்கட்டும்.

கேமரா பேச்சும் புதியவர்களைப் பயமுறுத்துகிறது. குழுவில் பாதி நேரம் லென்ஸ் பேச்சுதான் ஓடுகிறது. பறவை பார்க்க இவ்வளவு செலவு செய்ய வேண்டுமோ என்று நினைத்தே ஒதுங்குகிறவர்கள் உண்டு. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், அதுவும் இல்லாமல் காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கொக்கு என்று வீட்டைச் சுற்றியே தொடங்கலாம் என்று யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சாதாரணப் பறவைகளை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வந்த அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள். அத்தனை பேரும் நிபுணர்கள் கிடையாது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி ஏற்றிய சாதாரண மனிதர்கள் அதில் ஏராளம். பொங்கல் கணக்கெடுப்பும் 2015 முதல் இப்படித்தான் நடக்கிறது. சிட்டுக்குருவி அழிந்துகொண்டே வருகிறது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. 2020இல் வந்த முதல் அறிக்கை, பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது என்று காட்டியது. அதே நேரம், நம் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்து வருவதை 2023 அறிக்கை எடுத்துச் சொன்னது. அரிய பறவையைத் தேடி மலைக்கு ஓடுகிறவர் மின்கம்பியை எண்ண மாட்டார். அதை எண்ணப்போகிறவர், குழுவில் "சாரி சார்" என்று எழுதிவிட்டு ஒதுங்கிய அந்தப் பெண் மாதிரியானவர்தான்.

இபேர்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பகுதியில், அந்த மாதத்தில் எதிர்பார்க்காத பறவையையோ வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையையோ பதிவு செய்தால் அது தனியாகக் குறிக்கப்பட்டு, தன்னார்வலர் ஒருவரின் பார்வைக்குப் போகும். அவர் மின்னஞ்சலில் "படம் இருக்கிறதா, என்ன அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள்" என்று கேட்பார். பெரும்பாலும் அச்சடித்த மாதிரி ஆங்கிலத்தில் வரும். நான் பொய் சொல்கிறேன் என்கிறார்களா என்று புதியவர்கள் நொந்துபோகிறார்கள். இந்த மின்னஞ்சல் இருபது வருடம் பறவை பார்த்தவர்களுக்கும் வரும், சந்தேகம் தீரும்வரை பொதுக் கணக்கில் சேர்க்க மாட்டார்களே தவிர உங்கள் சொந்தப் பட்டியலில் அது அப்படியே இருக்கும் என்று குழுவில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் போடுகிறவர்களைக் கிண்டல் செய்கிறார்கள், அதுவும் வேண்டாம். "செயலி சொன்னது சரியா இருக்கலாம், பறவையைக் கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டாலே போதும், அடுத்த முறை தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அங்கே புதியவர்களைத் தனியாக விடுவதில்லை, அணி பிரிக்கும்போதே விவரம் தெரிந்த ஒருவரோடு சேர்த்துவிடுகிறார்கள். குளக்கரையில் நிற்கும்போது "அந்தக் கருவேலத்துக்கு இடதுபக்கம், ரெண்டாவது மேடு, நடந்துக்கிட்டே வாலை ஆட்டுது பாருங்க" என்று கை நீட்டிக் காட்டுவார்கள். கரையோரம் இரை தேடும் உள்ளான் வகைப் பறவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிவது எவருக்கும் கஷ்டம், அங்கே நிபுணரே "இது எனக்குத் தெரியலை" என்று சொல்வதைப் புதியவர் காதால் கேட்கிறார். அதைக் கேட்டவுடன் அவருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. நேரில் இவ்வளவு பொறுமையாக இருப்பவர்கள் குழுவில் மட்டும் ஏன் இரண்டு வார்த்தையில் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆள் முகம் தெரியாததாலோ என்னவோ.

அந்த அணி முறையையே குழுவுக்கும் கொண்டுவரலாம். வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொண்டு, அந்த வாரம் புதியவர்களின் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லட்டும், மற்றவர்கள் அவர்களுக்கு முன்னால் குதிக்காமல் இருக்கட்டும். ஒரே கேள்வியைப் பார்த்துப் பார்த்துச் சலிக்கிறது என்பவர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. அவர்கள் தங்களுக்குள் பேச ஒரு தனிக்குழு வைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பே இல்லை. பொதுக்குழுவில் இருந்துகொண்டு முகம் சுளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கோடைக்காலம் வந்தால் கீழே விழுந்த குஞ்சுகளைப் பற்றிய கேள்விகள் வரிசை கட்டும். இதற்கு மட்டும் ஒரு பதிலைத் தமிழில் எழுதிக் குழுவின் மேலேயே நிறுத்தி வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் தந்தை பக்கத்திலேயே இருக்கும், பூனை நாய் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகே முளைக்காதது என்றால் கூட்டைத் தேடி அதற்குள்ளேயே வையுங்கள், மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. பாலும் சோறும் ஊட்டாதீர்கள். இவ்வளவுதான். ஆனால் கையில் உயிர் துடிக்கிற குஞ்சை வைத்துக்கொண்டு பதறிக் கேட்கிறவரிடம் "மேலே பின் பண்ணியிருக்கு, படிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பதறாதீங்கம்மா, இறகு இருக்கா பாருங்க" என்று ஒரு வரி முதலில்.

அதே மாதிரி, கூண்டுக்கிளியின் படத்தைப் போட்டு "எங்க வீட்டுச் செல்லம்" என்று எழுதுகிறவர்களும் வருவார்கள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தலைமுறை தலைமுறையாகக் கிளி வளர்த்த வீடுகளில் இது பலருக்கு உண்மையிலேயே தெரியாது. ஜெயிலுக்குப் போவீர்கள் என்று பயமுறுத்தினால் படத்தை எடுத்துவிடுவார், கிளி கூண்டிலேயே இருக்கும். வனத்துறையிடம் எப்படி ஒப்படைப்பது என்று பக்குவமாகச் சொன்னால் கிளிக்கு நல்லது நடக்க வாய்ப்பு இருக்கிறது.

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒரு பெண்ணின் எண் முன்பின் தெரியாத பலருக்குப் போய்விடுகிறது. ஒரு படம் போட்டால் போதும், "நீங்க எந்த ஏரியா, காலைல தனியாவா போறீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தனிச்செய்திகள் வர ஆரம்பிக்கின்றன. பறவை பார்ப்பது விடியற்காலையில் ஆளில்லாத குளக்கரையில் நடக்கிற காரியம், அதனால் இது சின்னத் தொந்தரவு இல்லை. தவறைத் தனியாகச் சுட்டிக்காட்டுவது நல்லதுதான், ஆனால் அதைச் செய்வது அட்மின்களில் ஒருவராக இருக்கட்டும், அட்மின்களில் பெண்களும் இருக்கட்டும். கேட்காமல் தனிச்செய்தி அனுப்புகிறவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள். இதில் மட்டும் எனக்கு எந்தத் தயவும் கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படத்தை மட்டும் போட்டு "ஐடி ப்ளீஸ்" என்று எழுதாதீர்கள். எந்த ஊர், எத்தனை மணி, வயலா குளமா மரமா, மைனாவைவிடப் பெரிதா சின்னதா, என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு என்னவாகத் தோன்றுகிறது என்பதையும் தைரியமாகச் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வயல் ஓரம் வளர்ந்தவர்கள் நீங்கள் என்றால் உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. ஆள்காட்டிக் குருவி கரிசல் மண்ணில் எந்த மாதிரி இடத்தில் முட்டையிடும், ஆள் கிட்டே வந்தால் எந்தப் பக்கம் பறந்து திசை திருப்பும் என்று ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் சொன்ன அளவுக்கு விவரமாக எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் இருக்கும் மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் குழுவில் சேர்ந்து பறவையின் ஊர்ப்பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டால், அவருக்கு என்ன மாதிரி பதில் கிடைக்கும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் ஆசிரியரே. பறவைக் கணக்கெடுப்புச் செய்தி என்றால் பெரும்பாலும் பூநாரைக் கூட்டத்தின் படமும், மொத்தம் எத்தனை இனம் என்ற எண்ணும்தான் வருகின்றன, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. அடுத்த முறை கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே மாவட்டப் பக்கத்தில் போடுங்கள்: எந்தக் குளத்தில், காலை எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள், புதியவர்கள் யாரிடம் பேச வேண்டும், பைனாகுலர் இல்லாமல் வரலாமா. போனில் சேருவதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுது கரையில் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
குளக்கரையில் பறவை பார்க்கும் ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.